இறங்கிய பிறகு போடவேண்டிய மாத்திரை

வாந்தியைப் பற்றிப் பேச இந்தப் புதுச்சேரி மாநிலத்தில் என்னைவிடத் தகுதியான ஆள் கிடையாது. டாக்டர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். முப்பத்தோரு வருஷம் வில்லியனூருக்கும் பாகூருக்கும் நடுவில் பஸ் கண்டக்டராக ஓடியவன் நான். என் கண் முன்னால் எடுத்த வாந்தியையெல்லாம் ஒன்றாகச் சேர்த்திருந்தால் ஊசுடு ஏரி நிரம்பி, மிச்சம் சங்கராபரணி ஆற்றில் வழிந்திருக்கும். முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன். இந்த அம்மா மங்கலம் வரைக்கும் தாங்கும், இந்தப் பெரியவர் கரிக்கலாம்பாக்கம் வளைவில் கவிழ்ப்பார், அந்தச் சிவப்புச் சட்டைக்காரன் டீசல் வாடைக்கே போய்விடுவான் என்று. டிரைவர் சாமிக்கண்ணு என்னோடு பந்தயம் கட்டி ஆயிரம் டீ தோற்றிருக்கிறான்.

என் மனைவி அமுதம் இருந்திருந்தால் இந்த இடத்தில் குறுக்கே வந்திருப்பாள். "இவரு இன்னா சொன்னாலும் பத்தால வகுத்துக்கோங்க" என்பாள், கேட்கிறவர்களிடம். கல்யாணமான புதிதில் அவள் கண்டுபிடித்த கணக்கு அது. மகள் கல்பனாவுக்கு வகுத்தல் வாய்ப்பாடு பள்ளிக்கூடத்துக்கு முன்னால் வீட்டிலேயே வந்தது அப்படித்தான். ஆயிரம் டீ என்றால் நூறு. அதுவே கொஞ்சம் தாராளம்.

என் தோல் பையில் சில்லறைக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு மஞ்சள் டப்பா இருக்கும். அதில் பஸ் வாந்திக்கான மாத்திரை. மெடிக்கல் ஷாப்பில் அட்டை அட்டையாக வாங்கி வைத்திருப்பேன். அந்த மாத்திரையை வண்டி ஏறுவதற்கு அரை மணி முன்னால் விழுங்க வேண்டும். வயிறு புரட்ட ஆரம்பித்த பிறகு போட்டால் மாத்திரை உள்ளே போன வேகத்தில் வெளியே வந்து முன் சீட்டுக்காரர் தோளில் உட்காரும். ஆகவே ஸ்டாண்டில் வண்டி நிற்கும்போதே முகம் பார்த்து, ஆள் பிடித்து, கையில் திணிப்பேன். என் சட்டம் இரண்டே வரி. ஏறுவதற்கு முன்னால் மாத்திரை. இறங்கினால் வாந்தி முடிந்தது. வீட்டுக்குப் போன பிறகு மறுநாளும் வாந்தி எடுத்தேன் என்று முப்பத்தோரு வருஷத்தில் ஒரு ஆள் என்னிடம் வந்து சொன்னதில்லை.

அந்த இரண்டாவது வரியால்தான் இதை எழுத வேண்டி வந்தது.

அமுதத்தை நான் முதலில் பார்த்ததும் வாந்தியில்தான். குருவிநத்தத்துப் பெண். அவள் அப்பாவோடு வில்லியனூர்த் தேருக்கு வந்தவள், டிக்கெட் கொடுக்கப் போன என் பைக்குள்ளேயே கொட்டிவிட்டாள். அன்றைய வசூல் முழுவதையும் டிப்போ குழாயில் கழுவி, நோட்டு நோட்டாகக் கொடியில் காயப்போட்டேன். ஊரே வேடிக்கை பார்த்தது. (வகுத்தால், நாலு பேர்.) ஆறாம் மாதம் கல்யாணம். அதற்குப் பிறகு முப்பத்தெட்டு வருஷம் ஒதியம்பட்டு வீட்டிலிருந்து அவள் பிறந்த வீட்டுக்கு, நான் ரிட்டையர் ஆன பிறகும், என்னோடு பஸ்ஸில்தான் போனாள், வந்தாள். ஏறினதும் கண்ணை மூடிக்கொள்வாள். திறந்தால் தலை சுற்றும். வழியில் என்ன இருக்கிறது என்று நான்தான் பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டே வருவேன். "இந்தா பாகூர் ஏரி வந்துடுச்சு, கடல் மாதிரி கெடக்குது, கப்பலே வுடலாம்." கண்ணை மூடியபடியே அவள் விரல்களை விரித்துக் காட்டுவாள். பத்து.

போன வருஷம் ஆடியில் அவள் வயிறு உப்ப ஆரம்பித்தது. நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்து, சூலகத்தில் கட்டி என்றார்கள். முதலில் கீமோ கொடுத்துக் கட்டியைச் சுருக்க வேண்டும், பிறகு ஆபரேஷன். மூன்று வாரத்துக்கு ஒரு தடவை, ஆறு தடவை. திருபுவனையில் கம்பெனி வேலையில் இருக்கும் கல்பனா அழுதுகொண்டே வந்து, "கார் வெச்சிடலாம்ப்பா" என்றாள்.

"கண்டக்டர் பொண்டாட்டி கார்ல போவறதா? வழியில நிக்கிற பஸ்ஸெல்லாம் என்னப் பாத்து ஹாரன் அடிக்கும்டி."

"வெளாடாதப்பா."

"வுடு கல்பனா" என்றாள் அமுதம். "பஸ்ஸுல போனாத்தான் அவருக்குத் தெம்பு. எனக்கு இன்னா, கண்ண மூடிக்கினா எல்லாம் ஒண்ணுதான்."

முதல் தடவை அரை மணி முன்னால் என் மாத்திரையைக் கொடுத்து, முன் வாசலுக்குப் பக்கத்துச் சீட்டில் உட்கார வைத்துக் கூட்டிப்போனேன். ரெட்டியார்பாளையம் தாண்டியும் அவள் அசையவில்லை. மருந்து ஏற்றும் அறையில் ஆனி மேரி என்று ஒரு நர்ஸ். வில்லியனூர்ப் பெண், பள்ளிக்கூடம் போகும் காலத்தில் என் பஸ்ஸில் வந்தவள், இரும்பு வயிறு. சாயங்காலம் கிளம்பும்போது ஒரு காகிதக் கவரைக் கையில் கொடுத்து, "ஐயா, இதுல ஆறு மாத்திர. நாளயில இருந்து மூணு நாளைக்கு. காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. வாந்தி வந்தாலும் வரலன்னாலும் போடணும்" என்றாள்.

"எதுக்கு சிஸ்டர் இது?"

"வாந்திக்குத்தான்."

வாந்திக்கு மாத்திரை என்று எனக்கு ஒருத்தி சொல்லிக்கொடுப்பதா! தலையை ஆட்டினேன். நின்ற இடத்தில் தூங்கிக்கொண்டே சில்லறை கொடுக்கிற கண்டக்டரின் தலையாட்டல் அது.

வீட்டுக்கு வந்தோம். அன்று அவள் இரண்டு இட்லி சாப்பிட்டாள். மறுநாள் காலையும் ஒன்றும் இல்லை. "பாத்தியா, இறங்கியாச்சு, முடிஞ்சது" என்றேன். ஏற்கெனவே அத்தனை மருந்து ஏறின உடம்பு. பயணம் முடிந்த பிறகு எதற்கு இன்னும் ஆறு? அடுத்த தடவை பஸ்ஸுக்கு உதவும் என்று கவரை மஞ்சள் டப்பாவில் போட்டேன்.

அன்று சாயங்காலம் பக்கத்து வீட்டில் கடுகு தாளித்தார்கள். அந்த வாடைக்கு ஆரம்பித்தது. நீல பக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. இட்லி போய், கஞ்சி போய், தண்ணீர் போய், கடைசியில் பச்சையாகப் பித்தம். மூன்றாம் நாளும் அப்படியே. நாலாம் நாளும்.

"பஸ்ஸுல ஆடினது ஒடம்புல தங்கிடுச்சு" என்றேன். "உனக்குத்தான் சின்னதுல இருந்தே ஆட்டம் ஆவாதே." என் பழைய மாத்திரையை நீட்டினேன். அவள் வாங்கிப் போட்டுக்கொண்டு தூங்கினாள். எழுந்து வாந்தி எடுத்தாள். மறுபடி கொடுத்தேன். மறுபடி தூங்கினாள்.

உப்பு விலையிலிருந்து ஊர்த் தேர்தல் வரைக்கும் நான் சொன்ன எதையும் வகுக்காமல் எடுத்துக்கொள்ளாதவள் அமுதம். பஸ் விஷயத்தில் மட்டும் வகுக்க மாட்டாள். அது என் தொழில், எனக்குத் தெரியும் என்று விட்டுவிடுவாள். அந்த நாலு நாளும் அவள் என்னை வகுக்கவில்லை.

இரண்டாம் தடவை போனபோது எடை நாற்பத்தாறிலிருந்து நாற்பத்து மூன்றாகியிருந்தது. டாக்டரம்மா எங்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்து, "நாப்பதுக்குக் கீழ போனா மருந்து ஏத்த முடியாது. ஒடம்பு தாங்காது. எப்டியாவது சாப்பிட வைங்க" என்றார்.

ஆனி மேரி கேட்டாள்: "மாத்திர சரியா குடுத்தீங்களா ஐயா?"

"என்கிட்ட குடுத்துட்டு அந்தக் கேள்வியா? நான் மாத்திரை குடுத்த ஆளுங்கள வரிசையா நிறுத்தினா விழுப்புரம் வரைக்கும் போவும்."

"வாந்தி எத்தினி தடவ?"

"இருநூறு இருக்கும்."

அமுதம் சிரித்துவிட்டாள். உதடு காய்ந்து வெடித்திருந்தது, சிரித்ததில் ரத்தம் கசிந்தது. "அவரு அப்டித்தான் சொல்லுவாரு சிஸ்டர். நாலஞ்சு தடவ இருக்கும்." என்னை நாலு பேர் முன்னால் காப்பாற்றுகிறாளாம். ஆனி மேரியும் சிரித்து, அட்டையில் ஐந்து என்று எழுதினாள். நீல பக்கெட்டைக் கழுவியவன் நான். நாலு நாளில் நாற்பத்தோரு தடவை. அதைத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

மறுபடி ஆறு மாத்திரை. மறுபடி டப்பா.

அந்த மூன்று வாரத்தில் அவளைச் சாப்பிட வைக்க நான் போட்ட ஆட்டம் கொஞ்சநஞ்சமில்லை. வீட்டில் தாளிப்பை நிறுத்தினேன். சோற்றை ஆறவைத்து, கரண்டி கரண்டியாக, ஸ்டாப் பெயர் சொல்லி ஊட்டினேன். "மங்கலம் ஒண்ணு... கரிக்கலாம்பாக்கம் ஒண்ணு..." பாகூர் வருவதற்குள் எல்லாம் திரும்பி வந்துவிடும். அவள் வாயைத் துடைத்துக்கொண்டு, "பாகூர் ரெண்டு டிக்கெட் கேன்சல்" என்பாள். நானும் சிரிப்பேன். சேலைக்குள் அவள் தோள் எலும்பு கரண்டிக் காம்பு மாதிரி துருத்திக்கொண்டிருந்தது. இதை வகுக்க வேண்டாம்.

மூன்றாம் தடவை தராசு முப்பத்தொன்பதரை காட்டியது.

"செருப்போட நிக்கட்டுமா சிஸ்டர்?" என்று அமுதம் கேட்டாள். அவள் கெஞ்சி நான் பார்த்தது அது ஒன்றுதான். ஆனி மேரி அவளை நாற்காலியில் உட்கார வைத்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "இவ்ளோ எறங்கக் கூடாதே. மாத்திர எல்லாம் உள்ள நிக்குதா? இல்ல அதயும் வாந்தி எடுத்துடறாங்களா?"

எனக்கு இன்னும் கர்வம் விடவில்லை. பையிலிருந்து மஞ்சள் டப்பாவை எடுத்துத் திறந்து காட்டினேன். "ஒண்ணுகூட வீணாக்கல சிஸ்டர். பன்னெண்டும் பத்திரமா இருக்குது. பஸ்ஸுக்கு என் மாத்திரையே போதும்."

அவள் டப்பாவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்துகொண்டாள்.

"ஐயா, பஸ் வாந்தி காதுல ஆரம்பிக்கிது. உள் காது ஆடுறோம்னு சொல்லும், கண்ணு ஆடலன்னு சொல்லும், மூளை கொழம்பிப் போயி வயித்த பொரட்டும். உங்க மாத்திர அந்தக் கொழப்பத்த அடக்குது. ஆளயும் சேத்து தூங்க வெக்கிது. இது அது இல்லீங்க. இந்த மருந்து ஒடம்புல ஏறினதும் கொடல்ல இருந்து சேதி கெளம்பி மூளைக்குப் போவுது, வெளிய தள்ளு தள்ளுன்னு. மொத நாளு அத அடக்கறதுக்கு நாங்களே ஊசி போட்டுத்தான் அனுப்பறோம். ரெண்டாம் நாள்ல இருந்து அது வேற வழியா வரும். அந்த வழிய அடைக்கிற மாத்திரதான் இந்த ஆறும். அம்மா பஸ்ஸ வுட்டு எறங்கினதுக்கு அப்புறந்தான் இதுக்கு வேலயே."

இரண்டு வாசல் உள்ள வண்டியில், முன் வாசலில் நின்றுகொண்டு விசில் ஊதியிருக்கிறேன். பின் வாசல் முழுக்கத் திறந்து கிடந்திருக்கிறது.

அன்று மருந்து ஏற்றவில்லை. இரண்டு வாரம் தள்ளிப்போட்டார்கள். திரும்பும் பஸ்ஸில் நான் வாயைத் திறக்கவில்லை. மூலக்குளம் தாண்டியதும் கண்ணை மூடியபடியே அமுதம் கேட்டாள்: "இன்னாங்க, வழியில ஒண்ணுமே இல்லியா இன்னிக்கி?"

"நாந்தான் இப்டி பண்ணிட்டேன் அமுதம்."

"தெரிஞ்சா பண்ணீங்க? இனிமே போடலாம், வுடுங்க."

ஞாயிற்றுக்கிழமை கல்பனா வந்தாள். எடையைக் கேட்டதும் குதித்தாள். "மாத்திர போட்டியாம்மா நீ? அங்க குடுத்த மாத்திர எல்லாம் போட்டியா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அமுதம் சொன்னாள்: "போடலடி. ஒரே கசப்பு. நாந்தான் வேணான்னுட்டேன்."

"கசப்பா? சின்னக் கொழந்தயாம்மா நீ? செத்துப் போவணுமா உனக்கு?"

"இனிமே போடறேன்டி."

நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன். கையில் அவளுக்கான கஞ்சி டம்ளர். லட்சம் பேருக்கு முன்னால் தொண்டை கிழியப் பேசியவன் நான். கஞ்சி ஆறட்டும் என்று ஊதிக்கொண்டே நின்றேன்.

அதற்குப் பிறகு ஆஸ்பத்திரியில் புதிதாகக் கொடுத்த மாத்திரைகள் நேரம் தவறவில்லை; பழைய பன்னிரண்டும் டப்பாவிலேயே கிடந்தன. ஆனி மேரி எழுதித் தந்த சீட்டைச் சுவரில் ஒட்டி, அலாரம் வைத்துக் கொடுத்தேன். வாந்தி நின்றது. ஆமாம், நின்றுவிட்டது. பத்து நாளில் மீன் குழம்பு கேட்டாள். எடை நாற்பத்தொன்று. மூன்றாம் மருந்து ஏறியது. வீட்டில் அவள் இரண்டே தடவைதான் வாந்தி எடுத்தாள். அந்த இரண்டைப் பார்த்துத்தான் முந்தைய நாற்பத்தொன்றும் எனக்கு முழுசாகப் புரிந்தது.

நாலாம் தடவை போகும்போது இன்னொன்று வந்து சேர்ந்தது. இந்திரா காந்தி சிலை திருப்பத்தில் பஸ் வளைந்ததும், கண்ணை மூடியிருந்தவள் சேலை முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். வண்டி ஆடவில்லை, மருந்தும் ஏறவில்லை. ஆஸ்பத்திரி வரப்போகிறது என்று தெரிந்ததற்கே வாந்தி. ஆனி மேரி இதற்கும் ஆச்சரியப்படவில்லை. "முன்னாடி ரெண்டு தடவ ரொம்பப் பட்டிருக்காங்க இல்ல, ஒடம்பு ஞாபகம் வெச்சிக்கிச்சு. இது பயத்துல வர்றது" என்று முந்தின ராத்திரியும் கிளம்புகிற காலையும் போட வேறொரு சின்ன மாத்திரையை டாக்டரம்மாவிடம் எழுதி வாங்கித் தந்தாள். காதுக்கு ஒன்று, குடலுக்கு ஒன்று, பயத்துக்கு ஒன்று. வாந்தியில் என்னைவிடப் பெரிய ஆள் இல்லை என்று அலைந்தவன், அறுபத்தாறு வயதில் அதைத் தெரிந்துகொண்டேன்.

நாலாம் மருந்துக்குப் பிறகு எடுத்த படத்தில் கட்டி சுருங்கவில்லை, வளர்ந்திருந்தது. இனிமேல் மருந்தால் பயனில்லை, வலியும் வாந்தியும் இல்லாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றார் டாக்டரம்மா. அமுதத்தை வெளியே உட்கார வைத்துவிட்டு நான் மட்டும் திரும்பிப் போய்க் கேட்டேன்.

"அந்த ரெண்டு வாரம் தள்ளிப் போவலன்னா?"

"அதனாலன்னும் சொல்ல முடியாதுங்க, அதனால இல்லன்னும் சொல்ல முடியாது" என்றார்.

எந்த அளவையும் பத்து மடங்காக்கத் தெரிந்தவன் நான். இதைக் கூட்டவும் முடியவில்லை, குறைக்கவும் முடியவில்லை.

மாசியில் அவள் குருவிநத்தம் போக வேண்டும் என்றாள். பஸ்ஸில். கல்பனா கார் என்றாள். "பஸ்ஸுலதான்" என்றாள் அமுதம். கிளம்புவதற்கு அரை மணி முன்னால் என் பழைய மாத்திரையை எடுத்தேன். ஆனி மேரியிடம் போனில் கேட்டுக்கொண்டுதான். அமுதம் கையைத் தள்ளிவிட்டாள்.

"வேணாம். தூக்கம் வரும்."

"வாந்தி வரும்டி."

"வரட்டும். கண்ணத் தொறந்துக்கினு போவணும். முப்பத்தெட்டு வருசமா நீங்க சொன்னதத்தான் கேட்டிருக்கேன். ஒரு தடவ பாத்துடறேன்."

ஜன்னலோரம் உட்கார்ந்தாள். தலைமுடி போன தலையில் முந்தானையை இழுத்துச் சுற்றிக்கொண்டு வெளியே பார்த்தாள். கரும்பு ஏற்றிய டிராக்டர், நடவு முடிந்த வயல், செங்கல் சூளை, சுவரில் யாரோ ஒருவரின் கட்சிக்கொடி. எதையும் விடவில்லை. நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அவளே பார்க்கும்போது நான் எதற்கு? மங்கலத்தில் ஒரு தடவை, கரிக்கலாம்பாக்கம் வளைவில் ஒரு தடவை என் தோல் பையைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். வாயைத் துடைத்துவிட்டு மறுபடி ஜன்னலுக்குத் திரும்பினாள். ஏரிக்கரை வந்தது. தண்ணீர் பாதிதான் கிடந்தது. இரண்டு கொக்கு, ஒரு பரிசல்.

எனக்கே வெட்கமாக இருந்தது. "மழைக்காலத்துல பாத்தா..." என்று இழுத்தேன்.

"பெருசாத்தாங்க இருக்குது" என்றாள். விரலைக் காட்டவில்லை.

அந்தப் பயணத்துக்குப் பத்தொன்பதாம் நாள் போய்விட்டாள். வாந்தி இல்லாமல் போனாள். கடைசி வாரம் நாக்கடியில் சொட்டு மருந்து விட்டு அதைப் பார்த்துக்கொண்டார்கள்.

காரியம் முடிந்த மறுநாள் கல்பனா அலமாரியை ஒழித்தாள். சேலைகளை அமுதத்தின் தம்பி மனைவிக்கென்று அடுக்கிக்கொண்டிருந்தவள் கையில், நான் அங்கே போட்டு வைத்திருந்த மஞ்சள் டப்பா அகப்பட்டது. திறந்து, உள்ளே இருந்த ஆஸ்பத்திரிக் கவர்களைப் பார்த்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"பாருப்பா. இத இன்னும் வெச்சிருக்குது பாரு. கசக்குதாம். இத மட்டும் அப்பவே போட்டிருந்தா... பெத்த தாயின்னு பாக்கறேன், இல்லன்னா இன்னா கேக்கறதுன்னு தெரியல எனக்கு. தானா தேடிக்கிச்சே." அழுகையோடு கோபமும் சேர்ந்து, டப்பாவை வீசப்போனாள்.

நான் அந்த டப்பாவை வாங்கிக்கொண்டேன். வாசல்படியில் வெயில் விழுந்திருந்தது. அங்கே போய் உட்கார்ந்தேன், முகத்தைப் பார்க்காமல் சொல்லலாம் என்று.

"உங்கம்மா ஒண்ணும் தேடிக்கல. கசக்குதுன்னு அவ எங்கிட்ட சொல்லவேயில்ல. அப்ப அவளுக்கு இப்டி ஒரு மாத்திர இருக்கறதே தெரியாது. நாந்தான் குடுக்கல. பஸ்ஸ வுட்டு எறங்கினா வாந்தி நின்னுடும்னு நெனச்சி எடுத்து வெச்சிட்டேன். உங்கிட்ட அவ பொய் சொன்னா. நான் பக்கத்துலயே நின்னுக்கினு சும்மா இருந்தேன்."

பின்னால் சேலை மடிக்கிற சத்தம் நின்றது.

"எத்தினிப்பா?" என்றாள்.

"பன்னெண்டு."

அவள் எழுந்து வந்து எனக்குப் பின்னால் நின்றாள். சின்ன வயதில் நான் ஏதாவது அளக்கும்போது கேட்கிற அதே குரலில், ஆனால் கெஞ்சுகிற மாதிரி கேட்டாள்:

"பத்தால வகுக்கணுமாப்பா?"

"வேணாம்" என்றேன். "பன்னெண்டுதான். எண்ணிப் பாத்துக்கோ."